கண்ணுக்குத் தெரியாத சாப்பாட்டுக்காரர்கள்: நுண்ணுயிரிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் ஆசிரியராக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர், "சார், தயிரில் இருப்பதெல்லாம் பாக்டீரியாவாமே?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தயிர்ச் சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிடுவார். மாணவர்கள், பெற்றோர்கள், பந்திக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

நுண்ணுயிரி என்றால் கிருமிதானே?

இல்லை. கிருமி என்ற சொல்லுக்குப் பழைய பொருளே புழு என்பதுதான். வைணவ மரபுக் கதைகளில் வருகிற கிருமிகண்ட சோழனுக்குக் கழுத்தில் இருந்ததாகச் சொல்லப்படுவது புழு வைத்த புண். பிற்காலத்தில் நோய் தருகிற நுண்ணுயிரிக்கு அந்தச் சொல்லைச் சூட்டினோம். அதன் பிறகு எல்லா நுண்ணுயிரிகளும் கிருமிகளாகிவிட்டன.

நுண்ணுயிரி என்பது அளவைக் குறிக்கும் பெயர் மட்டுமே. உப்பையும் மல்லிகையையும் கொக்கையும் 'வெள்ளை' என்று ஒரே கூடையில் போடுவது போன்றது அது. பாக்டீரியா, ஆர்க்கியா, ஈஸ்ட், பூஞ்சை, அமீபா, நுண்பாசி எல்லாம் அந்தக் கூடையில் கிடக்கின்றன. உறவுமுறை பார்த்தால் ஈஸ்ட் பாக்டீரியாவைவிட நமக்குத்தான் நெருக்கம். பெரும்பாலானவற்றுக்கு மனிதன் என்று ஒருவன் இருப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

எவ்வளவு சிறியவை?

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 500 ஈ.கோலைகள் வரிசையாகப் படுக்கலாம். விதிவிலக்கும் உண்டு. கரீபியத் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காட்டில், அழுகிய இலைகளின்மேல் வெள்ளை நூல்போல ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பாக்டீரியாவை 2022இல் அறிவித்தார்கள். தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்று பெயர். ஒற்றைச் செல், நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். இதை நுண்ணுயிரி என்று எப்படி அழைப்பது என்று மாணவர்கள் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

முதலில் பார்த்தவர் யார்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோனி வான் லீவன்ஹுக். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. தானே தேய்த்து உருவாக்கிய குட்டிக் கண்ணாடி வில்லைகளைப் பித்தளைத் தகட்டில் பொருத்தி, கண்ணில் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிளகு ஏன் நாக்கைக் கடிக்கிறது என்பது அவருடைய சந்தேகங்களில் ஒன்று. மிளகில் முள் இருக்குமோ என்று பார்ப்பதற்காகத் தண்ணீரில் ஊறவைத்தார். 1676இல் அந்த ஊறல் நீரைப் பார்த்தபோது முள் தென்படவில்லை. எண்ணிலடங்காத மிகச் சிறிய உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். எடுத்தவுடன் யாரும் நம்பிவிடவில்லை. பின்னாளில் தன் பல் அழுக்கைச் சுரண்டி எடுத்துப் பார்த்து அதைப் பற்றியும் எழுதினார்.

மிளகு ரசம் கெட்டுப்போன பிறகு அதில் என்ன இருக்கிறது என்று முதன்முதலில் பார்த்தவர் ஒரு டச்சுக்காரர் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பைத் தரும் செய்தி.

வாய் இல்லாமல் எப்படிச் சாப்பிடுகின்றன?

இந்த ஒன்று விளங்கிவிட்டால் மற்றப் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

நாம் உணவை வயிற்றுக்குள் தள்ளிய பிறகு செரிக்கிறோம். பாக்டீரியாவும் பூஞ்சையும் செரிமானத்தை உடம்புக்கு வெளியே நடத்துகின்றன. நொதிகளைச் சுற்றிலும் கசியவிட்டு, எதிரே கிடக்கும் மாவுப்பொருளையோ புரதத்தையோ கரைத்து, கரைந்ததை உடம்பின் மேற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கின்றன. அழுகிய பழம் ஏன் கொழகொழவென்று ஆகிறது? அது வேறொருவரால் பாதி செரிக்கப்பட்ட பழம், அவ்வளவுதான். அமீபா போன்றவை இப்படியில்லை. இரையைச் சூழ்ந்து அப்படியே விழுங்கிவிடும்.

கரைந்ததைத்தான் உறிஞ்ச முடியும் என்பதால் ஈரம் இல்லாமல் இவற்றுக்குப் பிழைப்பு இல்லை. சாப்பிட்டவை கழிவையும் வெளியே விடும். அந்தக் கழிவு அமிலமா, சாராயமா, வாயுவா, நஞ்சா என்பதைப் பொறுத்து நாம் அதற்குப் 'புளித்தது', 'பொங்கியது', 'ஊசிப்போனது', 'நோய்' என்று வெவ்வேறு பெயர் வைக்கிறோம். உள்ளே நடப்பது ஒரே வேலை.

இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது?

முதலில் உளுந்தைக் கவனியுங்கள். அரிசி மாவை மட்டும் கரைத்து வைத்தால் புளிக்கும். பந்துபோல் உப்பி எழாது. ஊறிய உளுந்தை அரைக்கும்போது வருகிற வழவழப்பும் அதன் புரதமும் சேர்ந்து குமிழிகளைப் பிடித்துவைக்கும் வலையாகின்றன. குமிழிகளை உண்டாக்குவது, உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. மாவில் கரைந்துள்ள சர்க்கரைகளைச் சாப்பிட்டு லாக்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹால், கரியமில வாயு மூன்றையும் வெளியே விடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைத் தூக்குகிறது, ஆல்கஹால் வேகும்போது பறந்துவிடுகிறது. நம் இட்லியின் மென்மைக்கு இந்த வாயுதான் காரணம்.

இரவு முழுவதும் ஒரே பாக்டீரியா கோலோச்சுவதும் இல்லை. தொடக்கத்தில் முந்துபவை தாம் விட்ட அமிலத்திலேயே சோர்ந்துபோகும். அமிலத்தைப் பொறுக்கும் வேறு வகைகள் அடுத்து மேலெழும். அதனால்தான் முதல்நாள் மாவு இட்லிக்கும், இரண்டாம் நாள் தோசைக்கும், அதற்கப்புறம் ஊத்தப்பத்துக்கும் போகிறது. நம் வீட்டுச் சமையல் அட்டவணை பாக்டீரியாக்களின் ஆட்சிமாற்றத்தை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது.

30 டிகிரி வெப்பம் இவற்றுக்குச் சுகம். சித்திரையில் சென்னையில் பாத்திரத்தை மீறி வழிகிற மாவு, மார்கழியில் ஊட்டியில் கல்லுப்போல் கிடப்பது இதனால்தான். குளிர் நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் மாவுப் பாத்திரத்தை அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, அடுப்பை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் எரியவிடுகிறார்கள். நல்ல யோசனை.

கையால் கலக்கினால்தான் பொங்கும் என்கிறார்களே?

வேலை செய்யும் பாக்டீரியா உளுந்தோடு வருவது. கையிலிருந்தும் சில சேரலாம், கையின் சூடும் சிறிது உதவலாம். ஆனால் கரண்டியால் கலக்கிய மாவும் பொங்கத்தான் செய்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

பால் தயிராவதும் பால் கெட்டுப்போவதும் ஒன்றுதானே?

இரண்டிலும் பாக்டீரியா பாலைச் சாப்பிடுகிறது. யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. பாலைக் காய்ச்சும்போது அதில் ஏற்கனவே இருந்த கூட்டத்தில் பெரும்பகுதி ஒழிந்துவிடுகிறது. வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்றுகிறோம். ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கான லாக்டிக் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. காலி மைதானத்தில் நமக்கு வேண்டியவர்களைப் பெரும்படையாக இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை பாலின் சர்க்கரையான லாக்டோஸை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மை கூடக் கூடக் குறைகிற அளவான காரகாடி எண் (pH) 4.6ஐ நெருங்கும்போது கேசின் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடுகிறது. அதே அமிலம் பிறரை உள்ளே விடாமல் காவலும் காக்கிறது. கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் படை வெந்துபோகும். சில்லென்ற பாலில் ஊற்றினால் தூங்கிவிடும்.

ஒன்று எப்படி ஒரே இரவில் கோடியாகிறது?

பிளந்துதான். நல்ல உணவும் இதமான சூடும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒரு மணி நேரத்தில் 8. பத்து மணி நேரத்தில் 107 கோடிக்கு மேல். காகிதத்தில் போடும் இந்தக் கணக்கு பாத்திரத்தில் நெடுநேரம் ஓடாது. உணவு தீரும், கழிவு சேரும், பக்கத்து வகைகள் நஞ்சைக் கசியவிடும், அமீபா வந்து மேயும். மண்ணிலும் கடலிலும் வாழும் பாக்டீரியாக்களில் பல பெரும்பாலான நேரத்தைப் பட்டினியில்தான் கழிக்கின்றன.

ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடுமா?

சாகாது. வேகம் குறையும். சில வகைகள், லிஸ்டீரியா போன்றவை, அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும்.

நன்றாக வேகவைத்த சோறு எப்படிக் கெடுகிறது?

சில பாக்டீரியாக்கள் கெட்ட காலம் வந்தால் தடித்த ஓட்டுக்குள் சுருங்கி வித்தாகிவிடும். பேசில்லஸ் சீரியஸ் அப்படிப்பட்டது. அரிசியோடு வருகிற அதன் வித்துகள் உலை கொதிக்கும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் விழித்துப் பெருகி நஞ்சை விடுகின்றன. வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மத்தியானச் சோற்றை ராத்திரிவரை அடுக்களை மேடையிலேயே விட்டுவைத்து, 'சுடவைத்துவிட்டேனே' என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய சோற்றில் லாக்டிக் பாக்டீரியாக்கள் பெருகி அமிலம் சேர்க்கின்றன. அந்தப் புளிப்பு மற்றவற்றைப் பெரும்பாலும் அடக்கிவைக்கிறது.

வித்துகளையும் சேர்த்து அழிக்க வேண்டிய மருத்துவமனைக் கருவிகளை அழுத்தக் கலனில் 121 டிகிரியில் நீராவியில் வைக்கிறார்கள். நம் பிரஷர் குக்கரின் அண்ணன் அது.

ஊறுகாய், கருவாடு, தேன் ஏன் கெடுவதில்லை?

அவற்றில் நீர் இருந்தும் நுண்ணுயிரிக்கு எட்டுவதில்லை. உப்பும் சர்க்கரையும் நீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வந்து விழுகிற பாக்டீரியாவின் உடம்பிலிருந்தும் நீரை உறிஞ்சிவிடுகின்றன. கடல் நடுவே தாகத்தில் தவிப்பவனின் நிலைமைதான் அதற்கும். ஊறுகாயின்மேல் மிதக்கும் எண்ணெய், காற்றை மறித்துப் பூஞ்சையைத் தடுக்கிறது. ஈரக் கரண்டியைப் போடாதே என்று பாட்டிகள் கத்துவதில் முழு நியாயம் உண்டு.

ஆனால் உப்பையே வீடாகக் கொண்டவையும் இருக்கின்றன. உப்பளப் பாத்திகளில் நீர் வற்றிச் செறியும்போது செம்மை படர்வதைப் பார்த்திருக்கலாம். உப்பு விரும்பும் ஆர்க்கியாக்களும் டுனலியெல்லா என்ற பாசியும் தரும் நிறம் அது. இந்த ஆர்க்கியாக்களை எடுத்து நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் செத்துவிடும். ஆர்க்கியாக்கள் பார்வைக்குப் பாக்டீரியா மாதிரி இருந்தாலும் தனிக் குலம் என்று 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மரபணுச் சான்றோடு காட்டினார்கள். அதுவரை அவற்றைப் பாக்டீரியாவின் பங்காளி என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

காற்றே இல்லாமல் வாழுமா?

வாழும். சிலவற்றுக்கு ஆக்சிஜன் பட்டாலே சாவு. மாட்டின் அசைபோடும் இரைப்பை அப்படிப்பட்ட காற்றற்ற கூடம். வைக்கோலைச் செரிக்கும் நொதி மாட்டிடம் கிடையாது. பாக்டீரியா, பூஞ்சை, ஒற்றைச்செல் உயிர்கள் எல்லாம் சேர்ந்து நாரைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. மாடு அவற்றை உறிஞ்சிப் பிழைக்கிறது. அங்கே எஞ்சும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சில ஆர்க்கியாக்கள் மீத்தேனாக மாற்ற, மாடு அதை ஏப்பமாக விடுகிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலில் கால் வைத்ததும் சேற்றிலிருந்து குமிழி வருகிறதே, அதிலும் மீத்தேன் உண்டு.

மண்ணுக்கு இவற்றால் என்ன லாபம்?

உளுந்துச் செடி ஒன்றைப் பூக்கும் பருவத்தில் வேர் அறாமல் பிடுங்கி மண்ணை அலசுங்கள். வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். நோய் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். செடியால் அதைத் தொட முடியாது, ஏனென்றால் அதன் இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருக்கின்றன. உரத் தொழிற்சாலையில் அந்தப் பிடியை விடுவிக்க 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் தேவைப்படுகின்றன. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா அதே வேலையை வயல்வெளிச் சூட்டில் செய்துவிடுகிறது. கூலியாகச் செடி சர்க்கரை தருகிறது. இதில் ஒரு சிக்கல்: நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். அதற்காகவே முடிச்சில் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் உருவாகி, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. நீங்கள் பார்த்த சிவப்பு அதுதான். விதைக்கும் முன் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசச் சொல்வது இந்தக் கூட்டாளியைக் கையோடு அனுப்பிவைப்பதற்காக.

மழை பெய்ததும் வரும் மண்வாசனை?

அதில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. அதே குடும்பத்திடமிருந்துதான் 1943இல் காசநோய்க்கு முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். 1952இல் நோபல் பரிசு பெற்றவர் அவருடைய ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மன் மட்டும். ஆசிரியனாகிய எனக்கே இது உறுத்துகிறது.

அப்படியானால் ஏன் நோய் தருகின்றன?

பெரும்பாலும் அவற்றின் பிழைப்பும் நம் உடம்பும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதால். காலராவைப் பாருங்கள். ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். ஆனால் அது ஆளைக் கொல்வது எப்படி என்று அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகள் தெளிவாகவில்லை. அதே கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற மருத்துவர், பாக்டீரியாவை முழுக்க வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீர் கோக்க வைக்கிறது என்று 1959இல் காட்டினார். அந்த நஞ்சு குடல் சுவரை நீரைக் கொட்டவைக்கிறது; கொட்டுகிற நீரோடு பாக்டீரியா வெளியேறி அடுத்த குளத்துக்குப் போய்ச் சேர்கிறது. தே வாழ்ந்த காலத்தில் இந்தியாவில் அவரை உரிய அளவு கொண்டாடவில்லை.

நமக்குள் வராத நாட்களில் காலரா பாக்டீரியா கழிமுக நீரில், துடுப்புக்காலிகள் என்ற மிகச் சிறிய மிதவை உயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறது. பாக்டீரியாவைத் துணியால் வடிகட்ட முடியாது; அது ஏறி வரும் வாகனத்தை வடிகட்டலாம். வங்கதேசக் கிராமங்களில் பழைய புடவையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொன்னபோது காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் எழுதினார்கள்.

வைரஸும் நுண்ணுயிரியா?

பாடநூலில் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் வைரஸ் சாப்பிடுவதில்லை, மூச்சு விடுவதில்லை, தானாகப் பெருகுவதும் இல்லை. வேறொரு செல்லுக்குள் புகுந்து அதன் அடுக்களையில் தன் நகல்களைச் சமைத்துக்கொள்கிறது. அதற்கென்று தனி அடுக்களை இல்லாததால்தான், பாக்டீரியாவின் அடுக்களையை உடைக்கும் ஆன்டிபயாடிக், வைரஸால் வரும் ஜலதோஷத்தில் எடுபடுவதில்லை.

நம் உடம்பில் எத்தனை இருக்கின்றன?

'மனித செல்களைவிடப் பத்து மடங்கு' என்று இன்னும் மேடைகளில் முழங்குகிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. எல்லாவற்றையும் திரட்டினால் எடை 200 கிராம்தான் வரும். பெரும்பாலானவை பெருங்குடலில், நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. கீரைத்தண்டும் வாழைத்தண்டும் அவற்றுக்கான பந்தி.

2019இல் சென்னைக் கடல் நீலமாக மின்னியதே, அதுவுமா?

ஆமாம். அந்த ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மக்கள் இரவில் கூடி நின்று பார்த்தது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரை. அலை உடைந்து அசைவு ஏற்படும்போது உள்ளே நடக்கும் வேதிவினை ஒளியாகிறது. மற்ற நுண்மிதவைகளை விழுங்கி வாழ்வது. இரை பெருகினால் இதுவும் பெருகும். அழகு என்று பலரும் படம் எடுத்தார்கள். கடலியல்காரர்கள் அத்தனை மகிழவில்லை, ஏனென்றால் இது அளவுக்கு மீறிப் பெருகுமிடத்தில் மீன்களுக்கு ஆக்சிஜன் குறையக்கூடும்.

வீட்டிலேயே இவற்றைப் பார்க்க வழி உண்டா?

உண்டு. வாய் அகன்ற பாட்டிலில் குளத்து நீரை ஊற்றி ஒரு கைப்பிடி வைக்கோலை நறுக்கிப் போடுங்கள். வாயைத் துணியால் கட்டி, வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் நீர் கலங்கி மேலே ஏடு படரும். அது பாக்டீரியாக் கூட்டம். மோந்து பார்க்க வேண்டாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போனால் அந்தப் பாக்டீரியாவை மேய்வதற்குப் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் கூடிவிடும். பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்தால், ஏட்டுக்குச் சற்றுக் கீழே வெள்ளைப் பொடிபோல நகர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற மடிக்கிற காகித நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் 140 மடங்குப் பெருக்கத்தில் பாரமீசியம் செருப்பு வடிவில் சுழன்று சுழன்று போவது தெளிவாகத் தெரியும்.

பாட்டிலின்மேல் 'கொட்டாதீர்கள்' என்று எழுதி ஒட்டிவையுங்கள். என் முதல் பாட்டிலை ஐந்தாம் நாள் வீட்டில் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.